தினமும் ஓட்ட ஒரு வேகமான கார்

“அண்ணா, கார் வாங்கலாம்னு இருக்கேன். சும்மா போய் வர்ற கார் இல்ல. மிதிச்சா இழுக்கணும். ஆனா தினமும் ஓட்டணும். எது வாங்கலாம்?”

பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் என் சித்தப்பா மகன் போன மாதம் போனில் கேட்ட கேள்வி இது. 29 வயது. ஏரியூர் பக்கத்துக் காலனிப் பையன். அவன் வீட்டில் முதல் பட்டதாரி. நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன் என்பதால், வண்டி பற்றி எது கேட்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவான்.

யோசிக்காமல் என் வாயில் வந்த பதில் இதுதான்: “எதுக்குடா அதெல்லாம்? வெள்ளை கலர்ல சின்னதா ஒண்ணு வாங்கு. ஊருக்கு எடுத்துட்டுப் போனா யார் கண்ணையும் உறுத்தக் கூடாது.”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கண்ணை உறுத்தாத மாதிரி சம்பளமும் வாங்கச் சொல்லுவீங்களா அண்ணா?” என்று கேட்டுவிட்டு, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டான்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று மேடையேறி ‘தலைநிமிர்ந்து நட’ என்று பேசுகிறவன் நான். ஆனால் ஒரு கார் என்றதும் என் வாயிலிருந்து வந்தது என் தாத்தாவின் பயம். அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஒழுங்கான பதிலைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவனைப் போலவே கேள்வி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இது உதவலாம்.

முதலில் தாத்தாவின் கதை. அவரிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. ஊர்த்தெரு தொடங்கும் புளியமரத்தடியில் இறங்குவார். தெரு முடிகிற வரை தள்ளிக்கொண்டு போவார். அப்புறம்தான் ஏறுவார். சின்ன வயதில் ஏன் தாத்தா என்று கேட்டால், “மேடு சாமி, மிதிக்க முடியாது” என்பார். அந்தத் தெருவில் மேடே கிடையாது என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

அப்பா பழைய டிவிஎஸ் 50 ஒன்றை வாங்கினார். பென்னாகரத்திலிருந்து ஓட்டி வந்தவர் ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, பொழுது சாய்ந்து இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகுதான் வண்டி காலனிக்குள் வந்தது. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்ததுகூட டார்ச் வெளிச்சத்தில்தான். யாரும் அவரை அன்று மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய தேவையே இல்லாதபடி ஏற்கெனவே எல்லாம் பழக்கப்படுத்தப்பட்டிருந்தது.

இது ஒரு குடும்பத்தின் கூச்சம் மட்டும் என்றால் கட்டுரை எழுத வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த தடைகளை, அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் 8 தடைகள். செருப்புப் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, சட்டை அணியக் கூடாது, நகை போடக் கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். 1931இல் அது 11 ஆனது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. கல்யாணத்தில் மணமக்கள் குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது, பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் கூடாது. படிப்பும் வாகனமும் ஒரே பட்டியலில் இருந்ததைக் கவனியுங்கள். தடை போட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்திருந்தது. ஒருவன் தன் இடத்தை விட்டு நகர இரண்டுமே உதவும்.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது சொன்னால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 3இல், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. புதுத் துணி உடுத்துவதையும், செருப்புப் போடுவதையும், கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதையும் தடுப்பது குற்றம். நடக்காத குற்றத்துக்கு எந்த நாடாளுமன்றமும் இவ்வளவு விவரமாகச் சட்டம் எழுதாது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய பிறகு இந்த நாடு சைக்கிளுக்குச் சட்டம் எழுதியது.

எழுதியும் என்ன? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், கல்லூரியில் படிக்கும் ஒரு தலித் இளைஞர் தன் புல்லட்டில் வீடு திரும்பியபோது கையில் வெட்டப்பட்டார். நீ எப்படி எங்கள் முன்னால் புல்லட் ஓட்டலாம் என்று கேட்டு வெட்டினார்கள் என்பதுதான் புகார். 1950களிலிருந்து நம் திருவொற்றியூரில் உருவான வண்டி புல்லட். அதைச் செய்வதற்கு யார் கையும் ஆகும். ஓட்டுவதற்கு மட்டும் சில கைகள் ஆகாது!

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகள் எரிக்கப்பட்டன. இளவரசன், திவ்யா கல்யாணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் எரிந்தவை எவை என்று பாருங்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்த கூலியில் கட்டிய வீடுகள், பீரோ, டிவி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், வாசலில் நின்ற இருசக்கர வாகனங்கள். அதே ஆண்டுதான் பாமக நிறுவனர் ராமதாஸ் ஜீன்ஸ், டீ-சர்ட், கூலிங் கிளாஸ் பற்றிப் பேசினார். நம் பையன்கள் போடும் உடுப்பு அரசியல் மேடையில் குற்றப்பத்திரிகை ஆனது. ஆக, வண்டி வாங்குவதில் அரசியல் எங்கே வந்தது என்று நம்மிடம் கேட்காதீர்கள். அதைக் கொண்டுவந்தது நாம் இல்லை.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் வேறு கேள்வி கேட்பார்கள். “இது நுகர்வு மோகம் இல்லையா? கார் வாங்கினால் சாதி ஒழிந்துவிடுமா?” நியாயமான கேள்விதான். கார் வாங்கினால் சாதி ஒழியாது. நத்தமே அதற்குச் சாட்சி. பொருளை வாங்கலாம், அதைப் பாதுகாக்கிற பலத்தைக் கடையில் வாங்க முடியாது.

ஆனால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2024இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. மற்றவன் கார் ஆசைப்பட்டால் அதற்குப் பெயர் ‘பேஷன்’. காலனிப் பையன் ஆசைப்பட்டால் மட்டும் நுகர்வு வெறி, கடன் மேல் கடன், ‘இவனுக்கு எதுக்கு?’. எளிமையைத் தேர்ந்தெடுக்க முதலில் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். வாய்ப்பே இல்லாதவனிடம் எளிமை பேசுவது 1931ஆம் ஆண்டின் பட்டியலை நல்ல தமிழில் திரும்ப வாசிப்பதுதான்.

அய்யன்காளி 1893இல் என்ன செய்தார்? திருவிதாங்கூரில் ‘தீண்டத்தகாதவர்’ நடக்கவே கூடாத பொதுச்சாலையில் ஓட்டுவதற்கென்று ஒரு வில்லுவண்டி வாங்கினார். நல்ல காளைகள், கழுத்தில் மணிகள், வெள்ளை வேட்டி, தலைப்பாகை. ஒரு கட்டை வண்டி போதாதா என்று அவரிடமும் யாராவது கேட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் அதிகாரம் உள்ளவர்கள் போகிற வண்டி எதுவோ அதில்தான் அவர் ஏறினார். வெங்கானூரிலிருந்து புறப்பட்ட அந்த வண்டிதான் கேரளத்தின் சாலைகளைத் திறந்த போராட்டங்களின் தொடக்கம். இந்தப் பக்கம், பொதுச்சாலைகளிலும் பொதுக்கிணறுகளிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். சாலை என்பது நமக்குச் சும்மா கிடைத்த தார் இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் ‘போய் வாங்குடா தம்பி’ என்று முடித்துவிடலாம். ஆனால் அம்பேத்கர் வாழ்வில் நடந்த ஒன்று என்னை நிறுத்துகிறது.

1929 அக்டோபரில், அரசு அமைத்த ஒரு குழுவின் வேலையாகச் சுற்றுப்பயணம் போன அம்பேத்கர் சாளீஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். அங்கிருந்த மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக வந்திருந்தார்கள். அவரை வைத்து ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. பாரிஸ்டர் பட்டம் பெற்றவருக்கு வண்டி கிடையாது. தங்கள் தலைவர் நடந்து வருவது மரியாதை இல்லை என்று அந்த மக்கள் நினைத்தார்கள். கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அதுவரை குதிரைவண்டியே ஓட்டிப் பழகாத தங்கள் ஆள் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டியது. அம்பேத்கர் கல்தரையில் வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. தன் மரியாதையைக் காப்பாற்றப் போய், தன் மக்கள் தன் உயிரையே ஆபத்தில் வைத்துவிட்டார்கள் என்று பின்னர் அவரே எழுதினார். அந்த வார்த்தைகளில் கோபம் குறைவு, துயரம் அதிகம்.

தம்பி, உனக்கு நான் சொல்ல வேண்டிய முதல் பாடம் இதில்தான் இருக்கிறது. மரியாதைக்காக வாங்கும் வண்டி உயிரைக் காப்பாற்றும் வண்டியாகவும் இருக்க வேண்டும். நமக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

இப்போது காருக்கு வருவோம்.

வேகமான கார் என்றதும் எல்லோரும் குதிரைத்திறனைப் பார்க்கிறார்கள். தினசரி ஓட்டத்துக்கு அதைவிட முக்கியம், குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவிசை. பென்னாகரம் சாலை மாதிரி இருவழிச் சாலையில் கல் ஏற்றிய லாரியைத் தாண்ட வேண்டும் என்றால் உனக்கு 200 கி.மீ. வேகம் தேவையில்லை. 50இலிருந்து 80க்குச் சட்டென்று போக வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நீ இருக்கிற நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சாதாரண ஹூண்டாய் ஐ20யின் 1.2 லிட்டர் எஞ்சின் 83 குதிரைத்திறனும் 115 நியூட்டன்மீட்டர் இழுவிசையும் தரும். அதே காரின் என் லைன் வகையில் இருக்கும் 1 லிட்டர் டர்போ 120 குதிரைத்திறன், 172 நியூட்டன்மீட்டர் தரும். அந்த இழுவிசை 1,500 சுற்றிலேயே வந்துவிடும். தினசரி வேகம் என்றால் இதுதான். கடைத்தெருவில் அடக்கமாகப் போய், தேவைப்படும்போது தயங்காமல் இழுக்க வேண்டும்.

இன்னும் வேண்டும் என்றால் ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகியவற்றின் 1.5 டர்போ இருக்கிறது: 150 குதிரைத்திறன், 250 நியூட்டன்மீட்டர். ஹூண்டாய் வெர்னாவின் 1.5 டர்போ 160 குதிரைத்திறன். இந்த மூன்று கார்களும் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றவை. ஐ20 2022இல் நடந்த சோதனையில் 3 நட்சத்திரம்தான் பெற்றது. டாடா அல்ட்ராஸ் 2020இல் 5 நட்சத்திரம் வாங்கியது. அதன் டர்போ வகையான ரேசர் 2024இல் 120 குதிரைத்திறனோடு வந்தது. ஷோரூமில் முதலில் எஞ்சினைக் கேட்காதே. மோதினால் என்ன ஆகும் என்று கேள்.

உன் போனில் படமாக வைத்திருக்கிறாயே கோல்ஃப் ஜிடிஐ, அதையும் பேசிவிடுவோம். 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்தது. 265 குதிரைத்திறன். அப்போது ஷோரூம் விலையே 53 லட்சம் ரூபாய். முதலில் வந்தது 150 கார்கள்தான். உலகம் முழுக்க ‘தினமும் ஓட்டக்கூடிய வேகமான கார்’ என்று பெயர் வாங்கிய வண்டி. அதைப் பிடிக்கிறது என்பதற்காக நீ வெட்கப்பட வேண்டாம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பெயர் அதற்குக் கிடைத்தது ஜெர்மனிச் சாலைகளில். தரையோடு ஒட்டிய உடல், மெல்லிய டயர். நம் ஊர்களில் வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை எத்தனை என்று உனக்கே தெரியும். ஒரு டயர் வெடித்தால் மாற்று டயருக்குப் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். தினசரி என்ற சொல் ஊருக்கு ஊர் மாறும். சில்க் போர்டு நெரிசலும், தொப்பூர் கணவாயும், நாகமரை போகும் வழியும் ஒரே காருக்குப் பொருந்த வேண்டும். அதுதான் உன் தினசரி.

கியரைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமான கார்களில் பெரும்பாலும் இரட்டை கிளட்ச் தானியங்கி கியர் வருகிறது. திறந்த சாலையில் அது அற்புதம். பெங்களூர் நெரிசலில் மணிக்கணக்கில் ஊர்ந்தால், உலர் கிளட்ச் வகை சூடாகும். கிளட்ச் தேய்ந்தால் செலவு பெரிது. தினமும் நெரிசல்தான் என்றால் கையால் மாற்றும் கியரையோ, டார்க் கன்வெர்ட்டர் வகைத் தானியங்கி கியரையோ பார். டர்போ வண்டியை நெரிசலில் மிதித்து ஓட்டினால் மைலேஜ் விளம்பரத்தில் பார்த்ததில் பாதிகூட வராமல் போகலாம். அதையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்.

பிரேக்கும் டயரும் எஞ்சினை விட முக்கியம். 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் போகிறது. ஆட்டைப் பார்த்து நீ பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்த 28 மீட்டர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். எஞ்சினுக்கு நாலாயிரம் மெச்சிவிட்டுத் தேய்ந்த டயரில் ஓட்டாதே. பின் இருக்கையில் உட்காரும் சித்திக்கும் சீட் பெல்ட் போட்டுவிடு. அவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பணம். 10 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள். 5 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 20,760 ரூபாய். 7 ஆண்டு என்றால் சுமார் 16,090. மாதத் தவணை குறைகிறதே என்று 7 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் அதிகம் கட்டுவாய். 2025 செப்டம்பர் 22இலிருந்து, 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். ஐ20 என் லைன் முதல் வகை. வெர்ட்டஸ் 1.5 இரண்டாம் வகை. வேகத்துக்கான வரி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு முடிவு செய். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தங்கச்சி எம்.எஸ்சி. படிப்புப் பணத்திலோ, சித்தப்பா பெயரில் இருக்கும் ஒன்றரை ஏக்கரிலோ கை வைக்கிற கார் எதுவாக இருந்தாலும் அது நமக்கான கார் இல்லை. நிலத்துக்கும் படிப்புக்கும் பிறகுதான் சக்கரம்.

ஷோரூமிலும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி இரு. நான் முதல் கார் வாங்கப் போனபோது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்ட வண்டியை விட்டுவிட்டு விற்பனையாளர் வரிசையில் கடைசியாக நின்ற சின்ன வண்டியைக் காட்டினார். கடன் விண்ணப்பத்தில் முகவரியைப் படித்த ஊழியர், ‘காலனி’ என்ற சொல்லில் விரலை வைத்து ஒரு நொடி நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நொடியை எனக்குப் படிக்கத் தெரியும். அரசு ஆவணங்களில் இருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லதுதான். அந்த விரல் நிற்கும் இடமும் போக வேண்டும்.

அடுத்தது, காரில் எதை ஒட்டுவது. ஊருக்குள் வரும் கார்களின் பின்கண்ணாடியில் சாதிப் பெயரும் சாதிச் சின்னமும் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்த்திருப்பாய். பதிலுக்கு நாமும் நம் உட்சாதிப் பெயரை ஒட்டினால் அவர்கள் வகுத்த பந்தயத்தில் நாம் ஓடுகிறோம் என்று பொருள். அம்பேத்கர் படம் வேறு. அது சாதிப் பெயர் இல்லை. சாதியை ஒழிக்கச் சொன்னவரின் படம். ஒட்டு. ஆனால் அந்தப் படம் இருக்கிற வண்டி குடித்துவிட்டு ஓட்டப்படக் கூடாது, பள்ளிக்கூட வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது, நம் தெருவிலேயே இருக்கும் அருந்ததியர் வீட்டுப் பெரியவர் கை காட்டினால் நிற்காமல் போகக் கூடாது. நமக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொண்டு நமக்கு மேலே இருப்பவரிடம் சமத்துவம் கேட்க முடியாது. சாவியும் உன்னிடம் மட்டும் இருக்கக் கூடாது. தங்கச்சி ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும். ஊர்த்தெருவுக்கு அடங்கிப்போன நம் வீட்டு ஆண்கள், வீட்டுக்குள் பெண்களை அடக்கி வைத்த கதையும் நம்முடையதுதான்.

ஸ்டிக்கரை விட முக்கியமான பொருள் ஒன்று உண்டு. காரின் முன்னும் பின்னும் கேமரா பொருத்து. சில ஆயிரம் ரூபாய்தான். விபத்துக்கும் உதவும், வம்புக்கும் உதவும். ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்ற பதிலைக் காவல் நிலையத்தில் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! சட்டப்பிரிவு கையில் இருந்தும் சாட்சி இல்லாமல் தோற்ற வழக்குகள் எத்தனை! யாராவது வழிமறித்தால் இறங்கிச் சண்டை போடாதே. கண்ணாடியை ஏற்று, கதவைப் பூட்டு, பதிவு ஓடட்டும், அங்கிருந்து நகர்ந்து போய்ப் புகார் கொடு. பயந்து போகிறாய் என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். சாளீஸ்காவ் பாலத்தை நினைத்துக்கொள்.

கடைசியாக வேகம். அவமானத்துக்கு ஆக்சிலரேட்டரில் பதில் சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. பழைய டர்போ ஒன்றை வாங்கிய புதிதில், டீக்கடை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பார்வைக்காகவே ஒருநாள் மிதித்தேன். சந்திலிருந்து ஒரு குழந்தை ஓடி வந்தது. நின்றேன். நல்ல பிரேக். குழந்தைக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். அந்தக் குழந்தை யார் வீட்டுப் பிள்ளை என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. கை நடுங்கியது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து ஊருக்குள் 20 கி.மீ. தாண்டியதில்லை. தாத்தாவும் அந்தத் தெருவில் மெதுவாகத்தான் போனார். அவரை இறக்கி நடக்க வைத்தது ஊர். என்னை மெதுவாகப் போகச் சொல்வது என் அறிவு. இரண்டு மெதுவுக்கும் நடுவில் மூன்று தலைமுறை இருக்கிறது.

வேகமான கார் நமக்கு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். எப்போதும் பறப்பதற்கு இல்லை. எப்போது வேகமாகப் போவது, எப்போது மெதுவாகப் போவது என்பதை நாமே முடிவு செய்வதற்கு. ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துப் படம் பிடித்துவிட்டு உறை போட்டு மூடும் காரைப் பணக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும். நம் கார் திங்கட்கிழமை வேலைக்குப் போகட்டும், செவ்வாய்க்கிழமை சித்தியை மருத்துவமனைக்குக் கொண்டு போகட்டும், சனிக்கிழமை ஊருக்கு வரட்டும். ஒருநாள் கூத்தாக ஊர்த்தெருவில் போனால் பரபரப்புச் செய்தி. தினமும் போனால்தான் அது தெரு.

நேற்று தம்பியைக் கூப்பிட்டுப் பேசினேன். போன முறை சொன்னது தப்பு என்று சொன்னேன். இரண்டு கார்களை ஓட்டிப் பார்த்துவிட்டானாம். 5 நட்சத்திரம் உள்ள ஒன்றுக்கு மனசு சாய்ந்திருக்கிறது. இரண்டு வருடம் ஓடிய வண்டி நல்ல விலைக்குக் கிடைக்கிறதாம். நிறம் என்ன என்று கேட்டேன். “சிவப்பு” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

“ஊருக்கு எப்போ எடுத்துட்டு வரட்டும் அண்ணா? ராத்திரி கிளம்பினா டிராஃபிக் இருக்காது.”

“ராத்திரி வேணாம். பகல்ல வா. தருமபுரியில நானும் ஏறிக்கிறேன். சித்தியை முன் சீட்டுல உட்கார வை. ஊர்த்தெரு வழியாவே போலாம். அங்க மேடு எதுவும் இல்ல.”